இருபத்திரண்டு மில்லியில் ஒரு வீதி

சாந்தாமணி கட்டிய ஆம்ப்ளிஃபயரில் இடது வால்வின் திருகை அரைச் சுற்று திருப்பினால் மாரண்ண வீதியின் இடது வரிசை வீடுகளில் குரல் உயரும், வலது வால்வின் திருகைத் திருப்பினால் வலது வரிசையில் உயரும் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீரைக்காரி வந்து போன பிறகு, எல்லோருக்கும் தெரிந்துபோனது. தெரிந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. கோயமுத்தூரில் கணபதிக்கு வடக்கே, பக்கத்துக்குப் பதிமூன்று வீடும் நடுவே நாலைந்து லேத்துப் பட்டறையுமாக இருக்கிற வீதி அது. இரும்பைக் கடைந்து பிழைக்கிறவர்களுக்கு, ஓரிடத்தில் ஒன்றைத் திருப்பினால் வேறோர் இடத்தில் இன்னொன்று திரும்பும் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆச்சரியப்படாததோடு நின்றிருந்தால் சாந்தாமணிக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது.

அவள் பத்தொன்பது வருஷமாக ஒரு பட்டறையில் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவள். ஸ்டெபிலைசர், மோட்டார், வெல்டிங் மிஷின் என்று எதற்குக் கொடுத்தாலும் செம்புக் கம்பி அவள் விரலுக்கு அடங்கிப் படுக்கும். பேசிக்கொண்டே சுற்றி எண்ணூறில் நிறுத்தினேன் என்றால் எண்ணூறுதான் இருக்கும். அவள் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டு, ஓசூரில், பழைய ரேடியோவில் எரியுமே அந்தக் கண்ணாடி வால்வு வைத்த பாட்டு செட் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றின் முதலாளி தனஞ்செயன், ஆனி மாசத்தில் போனில் கூப்பிட்டார். அவளே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்ட வேண்டும், அவள் கட்டின டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு. ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கே வந்து கேட்பார். காதுக்குச் சரியாக இருந்தால் ஓசூரில் காயில் செக்சன் முழுக்க அவள் பொறுப்பு. நாற்பத்தாறு வயதில், ஊரான் பட்டறையில் முதுகு இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாந்தாமணி, அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை இரண்டு தடவை சாப்பிட்டாள், முதல் தடவை சாப்பிட்டதே மறந்துபோய்.

ஷிப்டு முடிந்து வந்த புருஷன் வெள்ளியங்கிரியிடம் சொன்னாள். அவர் நூல் மில்லில் ஃபிட்டர். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "உன்ற இஷ்டம்" என்றார்.

"ஓசூருங்க. அங்கயே போயி இருக்கோணும்."

"அதான் சொல்றேன். உன்ற இஷ்டம்."

வீட்டுக்குப் பச்சை அடிக்கலாமா நீலம் அடிக்கலாமா என்று கேட்டபோதும் அதுதான், மகளைத் திருப்பூரில் கொடுக்கலாமா தாராபுரத்தில் கொடுக்கலாமா என்று கேட்டபோதும் அதுதான், வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லி ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று அவள் அழுதுகொண்டு கேட்டபோதும் அதுதான். இருபத்து மூன்று வருஷம். பக்கத்து வீட்டுப் பெண்கள், "குடுத்து வெச்சவ நீ, எல்லாம் உன்ற இஷ்டம்" என்று பெருமூச்சு விடுவார்கள். அவர்களைக் குழவிக் கல்லால் அடிக்கலாமா என்று சாந்தாமணிக்குத் தோன்றும். போ என்றாலும் சரி, போகாதே என்றாலும் சரி, நானும் வருகிறேன் என்றாலும் சரி, கையில் எடுத்துப் பார்த்தால் கனம் தெரிகிற மாதிரி ஒரு சொல் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தால் அதை வைத்துக்கொண்டு முடிவு எடுத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள். அவருக்குள்ளே சொல் இருக்கிறது, ஓட்டம்தான் பத்தவில்லை என்பது அவள் கட்சி.

வால்வு செட் கட்டுகிறவர்களுக்குக் கடைசி வேலை பயாஸ் வைப்பது. பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போதும் வால்வுக்குள் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது கூடிப்போனால் உள்ளே இருக்கிற தகடு சிவந்து வால்வு செத்துப்போகும். குறைந்துபோனால் பாட்டு ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் ஒடிந்து, சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி நறநறக்கும். அந்தச் சும்மா ஓடுகிற கரண்டை அளவாக வைக்கத்தான் திருகு. அவள் செட்டில் இரண்டு வால்வு, ஆளுக்கொரு திருகு, இரண்டுக்கும் சரியான அளவு முப்பத்தைந்து மில்லி ஆம்பியர். மீட்டரை வைத்து இடதை முப்பத்தைந்துக்கு ஏற்றினால் வலது முப்பதுக்கு இறங்கும். வலதை ஏற்றினால் இடது இறங்கும். எழுந்து எழுந்து உட்கார்ந்து இரண்டையும் ஒருவழியாகச் சரிக்கட்டிவிட்டு டீக்குப் பால் வைத்தால், எதிர்ப் பட்டறையில் பெரிய லேத்தைப் போடுவார்கள், வோல்டேஜ் விழும், இரண்டும் சேர்ந்து கவிழும். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு நாலு நாள் இப்படித் திருகினாள். அந்த நாலு நாளும் வீதியில் இடது வரிசை காலையிலும் வலது வரிசை மத்தியானத்திலும் மாறி மாறிக் கத்தியதை, சண்டைக்குப் பேர்போன வீதிதானே என்று அவள் காதில் வாங்கவே இல்லை.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை, வலது வரிசையில் குடியிருக்கும் குழந்தைவேலு வாசலில் வந்து நின்றார். லேத்துப் பட்டறை முதலாளி, வீதிக் கமிட்டித் தலைவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் எதையும் பேசுவார்.

"அம்மிணி, நாலு நாளா எங்க வரிசைல மனுசன் இருக்க முடியில! என்ற மருமக தட்டத் தூக்கி எறியறா, என்ற பையன் என்னையவே ஏன்னு கேக்கறான், இது வீதியா சந்தையா, இதையெல்லாம் ஆரு கேக்கறது..."

மீட்டரில் வலது வால்வு நாற்பத்தொன்றைத் தொட்டிருந்தது. சாந்தாமணி நிமிர்ந்து பார்க்காமலே திருகைக் கீழே இறக்கினாள்.

"...ஆருமே கேக்க... கேக்கலைன்னாலும் என்னாயிப் போச்சு, விடு கண்ணு, சத்தம் இருந்தாத்தான வீடு."

அவள் நிமிர்ந்தாள். திருகை முப்பத்தெட்டுக்கு ஏற்றினாள். "எவன் சொன்னான் சத்தம் இருந்தாத்தான் வீடுன்னு!" என்று குழந்தைவேலு நிலைப்படியில் அடித்தார். இறக்கினாள். அடித்த கையாலேயே நிலைப்படியைத் தடவிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார்கள். எப்படி என்று அவர் கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

"இப்ப எத்தனைல இருக்குதுங்க அம்மிணி?"

"இருபத்திரண்டுங்க."

"சொகமா இருக்குது. அப்படியே உடு. அந்த வரிசையையும் இதே அளவுல வெச்சுரு."

அன்று பொழுது சாய்ந்ததும் கமிட்டி கூடியது. தலைவர் விஷயத்தைச் சொன்னதும், பதினாலாம் நம்பர் வீட்டுக்காரர் மட்டும் இதற்கு மாநகராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று தீர்மானம் ஆனது. யார் யாருக்கு இது வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வாரம் கணக்கெடுத்தார்கள். அந்த வீதி விலாசத்தில் ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்தது. மாடியில் வாடகைக்கு இருந்த டெய்லர் ஜாகிர் உசேனுக்குக் கார்டு இன்னும் பொள்ளாச்சியிலேயே இருந்ததால் இடது வால்வை எத்தனை ஏற்றினாலும் அவர் அவராகவே இருந்தார், அதனால் மீட்டர் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலையை அவரிடமே கொடுத்தார்கள். சாந்தாமணியையும் அது தொடவில்லை. "ஆக்கறவளுக்குப் பசி தெரியாதில்லைங்க, அது மாதிரித்தான்" என்று ஜாகிர் உசேன் காரணம் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். வால்வில்லாத வீதிகள் நாட்டில் எப்படி நடக்கின்றனவோ என்று இரக்கப்படவும் ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு மாரண்ண வீதிக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. காலை ஆறிலிருந்து பட்டறை திறக்கும்வரை இருபத்தைந்து, ஏனென்றால் பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். ஒன்பதுக்கு மேல் இருபத்திரண்டு. பரீட்சைக் காலத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் இருபத்தாறு, அதற்கு மேல் போனால் பிள்ளைகள் வாத்தியாரைக் கேள்வி கேட்கிறார்கள் என்று புகார் வந்தது. பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்றால் இரண்டு நாள் முன்னால் எழுதிக் கொடுத்து இருபது வாங்கிக்கொள்ளலாம். சொத்துப் பிரிக்கிறார்கள் என்றால் பதினெட்டு. பதினெட்டில் பிரித்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கிணற்றை எனக்கு வேண்டாம் நீயே வைத்துக்கொள் என்று விட்டுக்கொடுத்து, கடைசியில் கிணறு யாருடையது என்று இன்றுவரை தெரியாமல் கிடக்கிறது. சந்திக்கும்போது, "சாப்பிட்டாச்சா" என்று கேட்பது போய், "இன்னைக்கு எத்தனை மில்லி" என்று கேட்கிற பழக்கம் வந்தது. பக்கத்து வீதிக்காரர்கள் இந்த வீதியே ஆணும் பெண்ணுமாகக் கூடிக் குடிக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

மாசம் ஒரு நாள் மின்வாரியம் கரண்ட்டை நிறுத்துமே, அன்றைக்கு வீதி பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுக் கமிட்டி ஒரு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து சாந்தாமணியின் கட்டிலுக்கடியில் வைத்தது. ஆம்ப்ளிஃபயரை அணைக்கக் கூடாது என்றது. ஆயுத பூஜைக்கு ஆள் ஆளுக்கு வந்து டிரான்ஸ்ஃபார்மரின் மேல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். "சூடேறற எடத்துல ஈரத்த அப்பாதீங்க, சாமி!" என்று அவள் கத்தினாள். இருபத்திரண்டில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார்கள். கத்துகிறவளுக்கு எதிரே இருபத்தைந்து வீடும் சிரித்தால் கத்துகிறவளுக்கு எப்படி இருக்கும்? தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

ஏனென்றால் இருபத்திரண்டில் அவள் செட் பாடவில்லை. பதினைந்து நாள் கண் நோகச் சுற்றி, காகிதம் காகிதமாக வைத்து, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர். அதன் வழியாக வருகிற வயலின், வில்லை மாற்றுகிற இடத்தில் எல்லாம் முறுக்கு கடிக்கிற சத்தம் போட்டது. ஆடி போனது, ஆவணி போனது. முப்பத்தைந்தில் அது எப்படிப் பாடும் என்று கட்டினவளுக்கே தெரியாது. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் முப்பத்தைந்தில் வைத்துக் கேட்டுவிட்டு இறக்கிவிடுகிறேன் என்று கமிட்டியிடம் கேட்டாள். ஆடி நோம்பி முடியட்டும் என்றார்கள். நோம்பி முடிந்ததும் பதினோராம் நம்பர் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் என்றார்கள். எல்லோரும் அத்தனை பணிவாக, அத்தனை இனிமையாக மறுத்தார்கள்.

வீட்டுக்குள்ளே வெள்ளியங்கிரி, "உன்ற இஷ்டம்" என்றார்.

அது அவளுக்கு இப்போது கோபமாக வரவில்லை. அவர் இடது வரிசைக்காரர், ரேஷன் கார்டில் முதல் பேர் அவருடையது. இருபத்திரண்டில் வைத்திருக்கிற மனுஷன் வேறென்ன சொல்வார்? அவள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அந்த முதல் நாலு நாளும் அவர் மில்லில் டபுள் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்தில் அவரை அவள் பார்த்ததே இல்லை. பார்த்தால் தெரியும் என்று இருந்தாள். துணி துவைக்கும்போதும், காயில் சுற்றும்போதும், முப்பத்தைந்தில் அவர் என்ன சொல்வார் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்: போகாதடி என்பார், இல்லை, நான் மில்லை விட்டுவிட்டு வருகிறேன் என்பார், இல்லை, இத்தனை வருஷம் உன்னோடு இருந்து என்ன கண்டேன் என்று ஒரு பெரிய சண்டையே போடுவார். அந்தச் சண்டையை நினைத்தால்கூட அவளுக்கு ஆசையாக இருந்தது.

ஆவணி முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் வலது திருகை மெல்ல முப்பதுக்கு ஏற்றிப் பார்த்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பதினோராம் நம்பர் வீட்டில் நிச்சயத் தட்டு கைமாறுகிற நேரத்தில் பெண் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழந்தைவேலு ஓடி வந்தார். திருகை இருபத்திரண்டுக்கு இறக்க வைத்தார். பைப்பு ஓட்டையை அடைக்கிற இரண்டு பசையையும் உள்ளங்கையில் பிசைந்து, இரண்டு திருகின் தலையிலும் அப்பி, கட்டை விரலால் அழுத்தினார்.

"தப்பா எடுத்துக்காத அம்மிணி. இது இனிமே உன்ற வீட்டுச் சாமான் இல்ல, வீதிச் சாமான்."

"நான் கட்டுனதுங்க இது! ராவும் பகலும் நான் கட்டுனது!"

"ஆமா கண்ணு, எத்தன அழகா கட்டியிருக்கற" என்றார் அவர், உண்மையான பாசத்தோடு.

கல்லாகிப்போன பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்து அவள் அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த வீதியில் ஆத்திரப்பட மிச்சம் இருந்த ஒரே ஆள் அவள்தான், அந்த ஆத்திரம் போய் விழ ஓர் இடம் இல்லை.

ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. அது வெள்ளியங்கிரிக்கு வார விடுமுறை. அப்படி வருகிற மாதிரி ஷிப்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி அவள் ஒரு மாசம் முன்பே கேட்டிருந்தாள், அவரும் அவள் இஷ்டப்படியே மாற்றிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணிக்குக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, இன்வெர்ட்டர் வயரைப் பிடுங்கி, செட் ஆறும்வரை பொறுத்து, கட்டரை எடுத்துப் பசையோடு சேர்த்து இரண்டு திருகையும் அடியோடு வெட்டி எறிந்தாள். புதிசாக இரண்டை வைத்துப் பற்ற வைத்தாள். வெளியே வீதி கொஞ்ச நேரம் தன் சொந்த நிலைக்கு வந்து, இது என்ன என்று புரியாமல் கம்முனு நின்றது. பத்து மணிக்குத் தனஞ்செயன் வந்தார். ஒல்லியான மனுஷன், காதில் மட்டும் முடி நிறைய. ஓசூரில் கார்டு உள்ளவர்.

செட்டைப் போட்டு வால்வுகள் சூடேறக் காத்திருந்தாள். இடது முப்பத்தைந்து. வலது இருபத்தொன்பது. வலதை ஏற்றினாள், இடது முப்பத்தொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம், மறுபடியும் இதைக் கொஞ்சம். எதிர் லேத்தைப் போட்டார்கள், கவிழ்ந்தது. மறுபடியும் முதலிலிருந்து. தனஞ்செயன் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார், அதற்காகவே அந்த மனுஷனைக் கும்பிடலாம் போல இருந்தது. கடைசியில் முப்பத்தைந்து, முப்பத்தைந்து. வயலினைப் போட்டாள்.

வில் திரும்புகிற இடம் தெரியவில்லை. வாசிக்கிறவர் மூச்சு வாங்குவதும், நாற்காலி லேசாகக் கிரீச்சிடுவதும், தந்தி அடங்கினதற்கு அப்புறம் மரம் அடங்குவதும் அந்தப் பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் வந்து நின்றன. நாலு மாசமாகத் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த சாந்தாமணி, அப்படியா, நான் கட்டினது இப்படியா பாடும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

அதே நேரத்தில் வீதியும் முப்பத்தைந்துக்கு வந்துவிட்டது. நாலு மாசத்து மிச்சம் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. பதினோராம் நம்பர் வீட்டுப் பெண் மொட்டை மாடியில் ஏறி நின்றுகொண்டு, எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம், இந்த மாப்பிள்ளையும் வேண்டாம், நான் மேலே படிக்கப் போகிறேன் என்று அந்தப் பக்கத்து வீதிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்; கிணற்றை விட்டுக்கொடுத்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வாளியோடு கிணற்றடியில் நின்றார்கள்; மாமியார்கள் மருமகள்களிடமும் மருமகள்கள் மாமியார்களிடமும் தேதி, கிழமையோடு குறைகளைச் சொன்னார்கள்; தினமும் ஓசியில் பால் கொடுத்தவர் இனிமேல் கொடுக்க மாட்டேன் என்றார்; பக்கத்துக்குப் பதிமூன்று வீட்டிலும் பாத்திரம் உருண்டது, கதவு அடித்தது, யாரோ ஒருவர் இத்தனை நாள் கழித்து வாய்விட்டு அழுதார், யாரோ இரண்டு பேர் இத்தனை நாள் கழித்துக் கட்டிக்கொண்டார்கள். குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

"இறக்கு அம்மிணி! இப்பவே இறக்கு! இருபத்திரண்டுல இருந்தாத்தான் என்ற பையன் என்னைய எதுத்துப் பேசாம இருக்கறான், அதுக்குத்தானே நான் பசை வெச்சு..." என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு நின்றார். அவருக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்த மகனும் கேட்டுவிட்டான். அதற்கு மேல் அவர்கள் பேச்சு பட்டறைச் சாவியைப் பற்றியதாக மாறி, வீதியோடு போனது. அன்றைக்கு மாரண்ண வீதியில் உடைந்ததில் பாதி அப்புறம் ஒட்டவே இல்லை. மீதிப் பாதியை ஒட்டவைக்க அவர்கள் தாங்களாகவே பேசிப் பழக வேண்டியிருந்தது, அதற்கு ஒரு வருஷம் ஆயிற்று என்று ஜாகிர் உசேன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

தனஞ்செயன் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து காதை எடுத்தார். வெளியே நடக்கிறதை அவர் கோயமுத்தூர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"நான் தேடிட்டிருந்தது கெடச்சாச்சும்மா. உங்க கை வேற. எப்ப வர்றீங்க?"

சாந்தாமணி திரும்பினாள். வெள்ளியங்கிரி சமையல்கட்டு வாசலில், கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். இடது வரிசை, கார்டில் முதல் பேர், முப்பத்தைந்து மில்லி.

"ஏனுங்க. கேட்டீங்களா? ஓசூர் போகட்டுமா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வீதியில் இருபத்தைந்து வீடு வாய் திறந்து கத்திக்கொண்டிருந்தது.

"உன்ற இஷ்டம்" என்றார்.

அவள் மீட்டரைப் பார்த்தாள். முப்பத்தைந்து, அசையாமல். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இடதை முப்பத்தெட்டுக்கு ஏற்றினாள். நாற்பத்திரண்டுக்கு. பக்கத்து வீட்டில் பீரோ சாய்கிற சத்தம் கேட்டது. நாற்பத்தெட்டில் வால்வுக்குள் தகடு ஓரத்தில் சிவக்க ஆரம்பித்தது. "அம்மா, அம்மா, வால்வு போயிரும்" என்று தனஞ்செயன் எழுந்தார்.

"சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. போகட்டுமா, வேண்டாமா?"

"அதான் சொன்னனே சாந்தா" என்றார் வெள்ளியங்கிரி, கொஞ்சமும் குரல் உயராமல். டீயை ஊதிக் குடித்தார்.

அவள் திருகை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்து விட்டுக் கையை எடுத்தாள். செட்டில் ஒரு குறையும் இல்லை. நாலு மாசமாக இருபத்திரண்டின் மேல் போட்டிருந்த பழியையும், அதற்கு முன் இருபது வருஷமாக ஓட்டம் பத்தவில்லை என்று சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்த ஆசையையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த மனுஷனை எந்த வால்வும் இறக்கி வைக்கவில்லை. உள்ளே சொல் இருந்து தடைபட்டுக் கிடக்கவில்லை, சொல்லே இல்லை. அவருக்கு அவள் ஓசூரில் இருந்தாலும் ஒன்றுதான், இங்கே இருந்தாலும் ஒன்றுதான். வலித்தது. வலியோடு சேர்ந்து, ஒரு பெரிய சுருளைக் கையிலிருந்து இறக்கி வைத்த மாதிரித் தோள் லேசாகவும் ஆனது, அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"திங்கக்கிழமை வந்தர்றனுங்க" என்றாள் தனஞ்செயனிடம். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், வேறு எந்த முகத்தையும் பார்க்கவில்லை.

வெள்ளியங்கிரி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் நெற்றி சுருங்கியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த நெற்றி அப்படிச் சுருங்கி அவள் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமையா? அன்னைக்கு எனக்கு ஆறு மணி ஷிப்டாச்சே. சோறு ஆரு ஆக்கறது?"

சாந்தாமணி ஸ்விட்சை அணைத்தாள். வீதி முழுக்கச் சத்தம் படிப்படியாக இறங்கி, அவரவர் சொந்தச் சத்தத்தில் வந்து நின்றது. வால்வுகள் தொடுகிற சூட்டுக்கு ஆறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய சேலைத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க. அரிசி எங்க இருக்குதுன்னு காட்டறேன்."